விசித்திர மொழிகள், பூட்டிய கன்சோல்கள்: விளையாட்டு நிரல் எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விளையாட்டு நிரல் எழுதத் தொடங்குகிறவர்கள் இரண்டு இடங்களில் முட்டிக்கொள்கிறார்கள். நிரல்மொழி சில சமயம் நாம் கேட்டதற்குத் தொடர்பே இல்லாத விடையைத் தருகிறது. விளையாடுவதற்கென்றே விற்கப்படும் கன்சோல் கருவியோ, காசு கொடுத்து வாங்கிய பின்னும் நம் நிரலை ஏற்க மறுக்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் திட்டுவது வழக்கமாகிவிட்டது. இவை ஒரே வகைத் தொல்லை அல்ல என்பது என் உறுதியான கருத்து. மொழியின் கோணல்களுக்குப் பின்னால் பெரும்பாலும் பழைய பயனர்களுக்குக் கொடுத்த வாக்கு ஒன்று இருக்கும். கன்சோலின் பூட்டுக்குப் பின்னால் இருப்பது ஒரு நிறுவனத்தின் வணிகக் கணக்கு. கீழே உள்ள பதில்களை அந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

ஜாவாஸ்கிரிப்டில் "5" + 2 என்றால் 52, "5" - 2 என்றால் 3. இது என்ன கணக்கு?

இணையப் பக்கங்களை இயக்கும் அந்த மொழியில் கூட்டல் குறிக்கு இரண்டு வேலைகள் உண்டு: எண்களைக் கூட்டும், எழுத்துச் சரங்களை (மேற்கோள் குறிக்குள் வரும் எழுத்துத் தொடர்களை) ஒட்டும். இரு பக்கங்களில் ஒன்று சரமாக இருந்தாலே போதும், ஒட்டும் வேலைக்குப் போய்விடும். கழித்தல் குறிக்கு ஒரே வேலைதான் என்பதால் "5" எண்ணாக மாற்றப்படுகிறது. [10, 9, 1] என்ற வரிசையை அடுக்கச் சொன்னால் 1, 10, 9 என்று வருவதும் இதன் உறவுதான். நாம் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் எண்களையும் சரங்களாக மாற்றி அகராதி வரிசையில் அடுக்கும். விளையாட்டின் மதிப்பெண் பட்டியலை இப்படி அடுக்கினால், 9 புள்ளி எடுத்தவர் 10 எடுத்தவருக்கு மேலே போய் நிற்பார்.

1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் இதன் முதல் வடிவத்தைப் பத்து நாட்களில் எழுதினார். இரண்டு மதிப்புகள் சமமா என்று பார்க்கும் இரட்டைச் சமக்குறி (==) எண்ணையும் சரத்தையும் ஒன்றாகப் பாவிப்பது, அந்நிறுவனத்துக்குள்ளேயே இருந்த ஆரம்பப் பயனர்கள் கேட்டுச் சேர்ந்தது. பின்னாளில் அவரே அதற்காக வருந்தியிருக்கிறார். நமக்கான வழி எளியது: வகையும் ஒத்திருந்தால்தான் சமம் என்னும் மூன்று சமக்குறியை (===) மட்டும் பயன்படுத்துங்கள், எண்ணாக வேண்டியதை நீங்களே எண்ணாக மாற்றுங்கள்.

தவறு என்று எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை ஏன் திருத்தாமல் வைத்திருக்கிறார்கள்?

இந்தப் பக்கத்தில் முக்கியமான கேள்வி இதுதான்.

ஜாவாஸ்கிரிப்டில் "நல்" என்ற வெற்று மதிப்பின் வகை என்ன என்று கேட்டால் "ஆப்ஜெக்ட்" என்று பதில் வரும். முதல் வடிவத்தில் ஒவ்வொரு மதிப்புடனும் அதன் வகையைச் சொல்லும் சில பிட்டுகள் சேர்ந்திருந்தன. ஆப்ஜெக்டுக்கான அடையாளம் பூஜ்யம். நல் என்பதும் முழுக்க முழுக்கப் பூஜ்யம். ஆகவே ஒன்று மற்றொன்றாகத் தோன்றியது. இதைத் திருத்தும் யோசனை பிற்காலத்தில் எழுந்தது. இயங்கிக்கொண்டிருக்கும் இணையத் தளங்கள் உடையும் என்று தெரிந்ததும் கைவிடப்பட்டது.

2018-இல் நடந்தது இன்னும் தெளிவான சான்று. உள்ளடுக்கு வரிசைகளைத் தட்டையாக்க "ஃப்ளாட்டன்" என்ற ஃபங்ஷனை மொழியில் சேர்க்க விரும்பினார்கள். மூடூல்ஸ் என்ற பழைய நிரல் நூலகம் (பலரும் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு) அதே பெயரில் தன்னுடைய ஃபங்ஷன் ஒன்றை ஏற்கெனவே வைத்திருந்தது. புதியது வந்தால் அந்த நூலகத்தை நம்பிய பழைய தளங்கள் உடையும். அவற்றில் பலவற்றைப் பராமரிக்க ஆளே இருக்காது. கடைசியில் பெயரை "ஃப்ளாட்" என்று மாற்றினார்கள். யாரோ எப்போதோ கட்டிவிட்டுப் போன பக்கத்துக்காக உலகம் முழுவதும் பயன்படும் மொழி விட்டுக்கொடுத்தது. எனக்கு இதில் கோபம் வருவதில்லை, மரியாதைதான் வருகிறது.

சி மொழியிலும் இதே கதை. "கொடி & 4 == 0" என்று எழுதினால் முதலில் 4 == 0 கணக்கிடப்படும். நாம் நினைத்தது நேர் எதிர். தொடக்கத்தில் & குறியே பிட் கணக்குக்கும் தர்க்க இணைப்புக்கும் பயன்பட்டது. && பிறகு வந்தது. அப்போதே & குறியின் முன்னுரிமையை மாற்றியிருக்கலாம், ஆனால் ஏற்கெனவே எழுதப்பட்ட நிரல்கள் கெடும் என்று மாற்றவில்லை என அந்த மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி விளக்கியிருக்கிறார். அன்று அந்த மொழியைப் பயன்படுத்திய இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்று ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும்கூட அந்த வரிசையைச் சுமக்கின்றன. 1970-களில் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய, நிரல் துண்டுகளை ஒன்றாகக் கட்டும் "மேக்" கருவியில் கட்டளை வரி "டேப்" எழுத்தோடுதான் தொடங்க வேண்டும், இடைவெளி போட்டால் ஏற்காது. அதை மாற்றலாம் என்று அவர் நினைத்தபோது ஏறத்தாழ ஒரு டஜன் பேர் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நண்பர்கள். அவர்களுக்குத் தொல்லை தர வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

திருத்திய மொழிகளே இல்லையா?

உண்டு, விலையும் உண்டு. பழைய நிரல்கள் அப்படியே ஓடாதபடி மாற்றங்கள் செய்த பைத்தான் 3 வெளிவந்தது 2008 டிசம்பரில். பைத்தான் 2-க்கான ஆதரவை நிறுத்த முடிந்தது 2020 ஜனவரி 1 அன்று. இடைப்பட்ட காலம் முழுவதும் இரண்டு உலகங்களுக்கும் சேர்த்து நூலகங்கள் எழுத வேண்டியிருந்தது. பிஎச்பி மொழியில் 0 என்ற எண்ணை எந்தச் சொல்லோடு ஒப்பிட்டாலும் சமம் என்று சொல்லும் பழக்கம் இருந்தது. 2020-இல் வந்த 8-ஆம் பதிப்பு அதை முடிவுக்குக் கொண்டுவந்தது. நல்ல முடிவு.

0.1 + 0.2 ஏன் 0.30000000000000004? இதுவும் மொழியின் கோளாறுதானா?

இல்லை. பத்தில் ஒன்றை இரும எண்முறையில் முடிவுள்ளதாக எழுத முடியாது. கணினியில் பின்ன எண்களுக்கென 1985-இல் வகுக்கப்பட்ட ஐஇஇஇ 754 தரத்தைப் பின்பற்றும் எல்லா மொழிகளிலும் இப்படித்தான். பணக் கணக்கானால் ரூபாயை விட்டுவிட்டுப் பைசாவை முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் சொல் விளையாட்டு எழுதுகிறேன். எழுத்துகளின் எண்ணிக்கை தப்பாக வருகிறதே?

"தமிழ்" என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடமோ ஜாவாஸ்கிரிப்டிடமோ கேட்டால் 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோடு குறியீடுகளை அது எண்ணுகிறது. பிஎச்பி மொழியின் பழைய நீள ஃபங்ஷன் பைட்டுகளை எண்ணி 15 என்று சொல்லும். நம் கண்ணுக்கும் நம் இலக்கணத்துக்கும் அது மூன்று எழுத்து. சொல்லைத் திருப்பிப் போடச் சொன்னால் புள்ளி முன்னால் தனியே நிற்கும், இகரக் குறி ழகரத்தில் போய் ஒட்டி "ழிமத" என்றாகிவிடும்.

ஸ்விஃப்ட் மொழி இதைத் தொடக்கத்திலிருந்தே சரியாகச் செய்கிறது: அங்கே விடை 3. ஜாவாஸ்கிரிப்டில் "செக்மென்டர்" என்ற வசதி இப்போது இருக்கிறது, பைத்தானில் தனி நூலகம் வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். "கொ" என்பதை ஒரே ஒகரக் குறியுடனும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஒப்பிட்டால் இரண்டும் வேறு என்று கணினி சொல்லும். விளையாடுகிறவர் சரியான விடையைத் தட்டச்சு செய்தும் தோற்றுப்போவார். ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் யூனிகோடின் இயல்பாக்கத்துக்கு (ஒரே வடிவத்துக்கு மாற்றும் முறைக்கு) உட்படுத்துவது கட்டாயம். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாடங்கள் பெரும்பாலும் இதைத் தொடுவதே இல்லை என்பது எனக்கு நீண்டநாள் வருத்தம்.

லுவா மொழியில் வரிசையின் எண்கள் மற்ற பல மொழிகளைப் போல 0-இல் இல்லாமல் 1-இல் தொடங்குகின்றன. அப்படியிருந்தும் விளையாட்டுத் துறை ஏன் அதை விரும்புகிறது?

லுவா 1993-இல் பிரேசிலில், ரியோ டி ஜெனீரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. பெட்ரோப்ராஸ் எண்ணெய் நிறுவனத்தின் பொறியாளர்கள், அதாவது நிரலாக்கத்தைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள், அதன் முதல் பயனர்கள். அவர்களுக்கு ஒன்றிலிருந்து எண்ணுவதுதான் இயல்பு. எரிச்சலூட்டும் வேறு சில பழக்கங்களும் அதற்கு உண்டு: அறிவிக்காத மாறி எல்லாம் பொது மாறியாகிவிடும், நடுவில் வெற்றிடம் உள்ள வரிசையின் நீளத்தைக் கேட்டால் விடையை நம்ப முடியாது.

ஆனால் அதன் இயக்கி மிகச் சிறியது, தூய சி மொழியில் எழுதப்பட்டது. சி கம்பைலர் (நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) இருக்கும் எந்தக் கருவியிலும் ஓடும். கன்சோலில் இதன் மதிப்பு என்ன என்பதற்குக் கீழே வருகிறேன்.

கன்சோல்களுக்குப் பூட்டு போடும் வழக்கம் எங்கே தொடங்கியது?

ஜப்பானில் 1983-இல் வந்த நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவியில் பூட்டுச் சிப் இல்லை. அதே ஆண்டு அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்தது. யார் வேண்டுமானாலும் தயாரித்துக் குவித்த தரமற்ற கேசட்டுகள் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டன. 1985-இல் நின்டெண்டோ அமெரிக்காவுக்குப் போனபோது கருவிக்குள் ஒரு சிப், ஒவ்வொரு கேசட்டுக்குள்ளும் ஒரு சிப் வைத்தது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கருவி திரும்பத் திரும்ப மறுதொடக்கம் ஆகும். சிப்பைத் தருவது நின்டெண்டோ மட்டுமே. எனவே ஒரு வெளியீட்டாளர் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகள்தாம் வெளியிடலாம் என்று விதிக்கவும் அதனால் முடிந்தது. கொனாமி நிறுவனம் "அல்ட்ரா" என்ற இரண்டாம் பெயரைத் தொடங்கி அந்த வரம்பைத் தாண்டியது.

அதன் பாதிப்பு நேர்மையாக வாங்கியவர்களுக்கும் வந்தது. கேசட் செருகும் இடத்தின் தொடுமுனைகள் தேய்ந்ததும் சிப்புகளுக்கிடையே பேச்சு அறுந்து, கடையில் வாங்கிய அசல் விளையாட்டே ஓடாமல் சிவப்பு விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரியும். சிப்பின் ஒரு காலை வெட்டிவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்துவிடும். கருவிக்குள் இருந்த ஒரு பகுதி வாங்கியவருக்காக வேலை செய்யவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பூட்டை உடைத்து ஆராய்வது சட்டத்துக்கு எதிரானதா?

1992-இல் அமெரிக்காவில் வந்த இரண்டு தீர்ப்புகள் இன்றும் பேசப்படுகின்றன. செகாவின் கன்சோலில் ஓடும் விளையாட்டு எழுதுவதற்காக அதன் நிரலைப் பிரித்து ஆராய்ந்த அக்கோலேட் நிறுவனம் வென்றது. இணைந்து இயங்குவதற்காக ஆராய்வது நியாயமான பயன்பாடு என்றது நீதிமன்றம். நின்டெண்டோவின் பூட்டுச் சிப்பை ஆராய்ந்த அட்டாரி கேம்ஸ் தோற்றது. ஆராயும் உரிமையை அந்த நீதிமன்றமும் ஏற்றது. ஆனால் அட்டாரி தரப்பு பொய்க் காரணம் சொல்லிப் பதிப்புரிமை அலுவலகத்திலிருந்து நின்டெண்டோவின் நிரலை வாங்கியிருந்தது. 1998-இல் வந்த டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம், பூட்டைத் தாண்டுவதையே தனிக் குற்றமாக்கி நிலைமையை இறுக்கியது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்துடன் பூட்டைத் தாண்டுவதைத்தான் குற்றமாக்குகிறது. இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. இணைந்து இயங்குவதற்காக ஆராய்வதற்கு 52-ஆவது பிரிவில் இடம் இருக்கிறது. சொந்த நிரலை ஓட்டிப் பார்ப்பதற்கும் கள்ளப் பிரதி விற்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் சட்டம் காண்கிறது என்பது என் வாசிப்பு. வழக்கு என்று வந்தால் வழக்கறிஞரைத்தான் கேட்க வேண்டும். சட்டம் ஒருபுறமிருக்க, நிறுவனம் உங்கள் கருவியைத் தன் இணையச் சேவையிலிருந்து நிரந்தரமாக விலக்கலாம்.

வாங்கிய பிறகு ஒரு வசதியை நிறுவனம் பறித்துக்கொள்ள முடியுமா?

பறித்திருக்கிறார்கள். 2006 நவம்பரில் வந்த சோனியின் பிளேஸ்டேஷன் 3 கருவியில் லினக்ஸ் போன்ற வேறு இயங்குதளத்தை நிறுவும் வசதி இருந்தது. அதைச் சொல்லியே விற்றார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் டார்ட்மத் வளாகத்தில் இயற்பியலாளர் கௌரவ் கன்னா இந்தக் கருவிகளை இணைத்துக் கருந்துளைக் கணக்குகளைப் போட்டார். அமெரிக்க விமானப்படையின் ஆய்வகம் சுமார் 1,700 கருவிகளைச் சேர்த்து ஒரு சூப்பர் கணினியே கட்டியது.

2010 ஏப்ரல் 1 அன்று வந்த 3.21 மேம்படுத்தல் அந்த வசதியை நீக்கியது. மேம்படுத்த மறுத்தால் இணையத்தில் விளையாட முடியாது. ஏற்றுக்கொண்டால் லினக்ஸ் போய்விடும். பாதுகாப்பு என்று சோனி காரணம் சொன்னது. ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற இளைஞர் அதே ஆண்டுத் தொடக்கத்தில் லினக்ஸ் வழியாகக் கருவியின் உள்ளே புகுந்திருந்தார்.

அதற்கடுத்து நடந்ததுதான் நிரலாளர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி. 2010 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் ஃபெயில்ஓவர்ஃப்ளோ என்ற ஆய்வாளர் குழு மேடையேறி, நிரல் சோனி அனுமதித்ததுதானா என்று கருவி சரிபார்க்கும் மின்கையொப்ப முறையில் இருந்த ஓட்டையைக் காட்டியது. அந்த முறையில் ஒவ்வொரு கையொப்பத்துக்கும் புதிய தற்செயல் எண் ஒன்று தேவை. சோனி ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருந்தது. ஒரே எண்ணால் போட்ட இரண்டு கையொப்பங்கள் கிடைத்தால் எளிய இயற்கணிதத்தில் ரகசியச் சாவி வெளியே வந்துவிடும். திறந்திருந்த கதவை மூடியதும், அந்த லினக்ஸுக்காகவே திறமைசாலிகள் பூட்டின் பக்கம் திரும்பினார்கள் என்று அந்தக் குழுவினர் வாதிட்டார்கள். அந்த வாதத்தில் எனக்கு முழு உடன்பாடு. ஹாட்ஸ் மீது சோனி தொடுத்த வழக்கு 2011-இல் சமரசமானது. வசதியை இழந்த பயனர்கள் தொடுத்த வழக்கும் பல ஆண்டுகள் கழித்துச் சமரசத்தில்தான் முடிந்தது.

பூட்டு இல்லாவிட்டாலும் அந்தக் கருவிக்கு எழுதுவது கடினம் என்கிறார்களே?

உண்மைதான். அதன் செல் சிப்பில் ஒரு முதன்மைச் செயலியும் விளையாட்டுகளுக்கென ஆறு துணைச் செயலிகளும் இருந்தன. ஒவ்வொரு துணைச் செயலிக்கும் 256 கிலோபைட் சொந்த நினைவகம் மட்டுமே. முதன்மை நினைவகத்திலிருந்து தரவை நிரலாளரே துண்டுதுண்டாகக் கொண்டுவந்து, முடித்ததும் திருப்பி அனுப்ப வேண்டும். 1994-இல் வந்த செகா சாட்டர்னும் இப்படித்தான், இரண்டு முதன்மைச் செயலிகளை ஒரே நினைவகத்துக்குப் போட்டியிட விட்டது. சிரமப்பட்டுக் கற்றவர்கள் அருமையான விளையாட்டுகளைத் தந்தார்கள். இது கற்றுக் கடக்கக்கூடிய சிரமம், அதனால் இதை நான் பூட்டோடு சேர்ப்பதில்லை.

கணினியில் ஓடும் என் சி ஷார்ப் நிரல் கன்சோலில் விழுந்துவிடுகிறது. ஏன்?

மொழியும் பூட்டும் ஒன்றோடொன்று மோதும் இடம் இது. சி ஷார்ப், ஜாவாஸ்கிரிப்ட் போன்றவை வேகத்துக்காக ஓடும்போதே இயந்திரக் கட்டளைகளை உருவாக்கி நினைவகத்தில் எழுதி இயக்குகின்றன. கன்சோல்கள் பொதுவாக இதை விளையாட்டுகளுக்கு அனுமதிப்பதில்லை: எழுதக்கூடிய நினைவகம் இயக்கக்கூடியதாக இருக்கக்கூடாது என்பது விதி. கையொப்பமிடாத கட்டளை எதுவும் உள்ளே வரக்கூடாது என்பதற்காகத்தான். யூனிட்டி என்ற விளையாட்டு இயந்திரத்தில் (விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில்) சி ஷார்ப் நிரலை முன்கூட்டியே சி பிளஸ் பிளஸ் ஆக மாற்றும் கருவி இருக்கிறது. ஓடும் நேரத்தில் புதிய வகைகளை உருவாக்கும் நூலகங்கள் அங்கே வேலை செய்யாது. ஓடும்போது இயந்திரக் கட்டளைகளை உருவாக்காமல் வெறும் மொழிபெயர்ப்பியாகவே ஓடக்கூடிய லுவாவுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கருவியில் 2006 முதல் எக்ஸ்என்ஏ என்ற வழியில் தனிநபர்களுக்கும் இடம் தந்தார்கள். ஆண்டுச் சந்தா கட்டி, சி ஷார்ப் மொழியில் எழுத வேண்டியிருந்தது. அங்கே நினைவகத் துப்புரவி (பயன் முடிந்த தரவை அகற்றும் பகுதி) ஒவ்வொரு மெகாபைட் ஒதுக்கீட்டுக்கும் ஒருமுறை முழு நினைவகத்தையும் துழாவும். கணினியில் வழுவழுப்பாக ஓடிய விளையாட்டு அங்கே விட்டுவிட்டுத் திணறும். எல்லாப் பொருள்களையும் தொடக்கத்திலேயே உருவாக்கி வைத்துக்கொண்டு, ஆட்டத்தின் நடுவில் எதையும் புதிதாக ஒதுக்காமல் எழுதப் பழகினார்கள். அது இன்றும் நல்ல பழக்கம். 2013-இல் எக்ஸ்என்ஏ வளர்ச்சி நிறுத்தப்பட்டதாகத் தெரியவந்தது. கற்றவர்களின் உழைப்பு வீணாகாமல் காத்தது மோனோகேம் என்ற திறந்தமூலத் திட்டம்.

கன்சோல் நிரலாக்கச் சிக்கல்களுக்குப் பொதுவெளியில் விடையே கிடைப்பதில்லையே?

கன்சோல் நிறுவனம் தரும் நிரலாக்கக் கருவித்தொகுப்பைப் பெறுவதற்கு முன் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். ஒரு ஃபங்ஷனின் பெயரைக்கூட வெளியில் சொல்ல முடியாது. ஜாவாஸ்கிரிப்டின் கோணல் ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் பேர் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். கன்சோலின் கோணலை அனுபவித்தவர் வாய் திறக்கக்கூடாது. எனக்கு மிகவும் கோபமூட்டுவது பூட்டைவிட இந்த மௌனம்தான். கோடோ என்ற விளையாட்டு இயந்திரத்தின் நிரல் எல்லாரும் படிக்கும்படி திறந்திருப்பதால்தான் கன்சோலுக்கான பகுதியை அதனுடன் சேர்த்து வெளியிட முடியவில்லை. தனி நிறுவனங்களிடம் போய்த்தான் பெற வேண்டும். மோனோகேமும் கன்சோல் பகுதியை அனுமதி பெற்றவர்களுக்கு மட்டுமே தனியாகத் தருகிறது.

வெளியான பிறகு ஒரு வழுவைத் திருத்துவது எவ்வளவு சிரமம்?

முன்பு மிகச் சிரமம். 2012-இல் எக்ஸ்பாக்ஸ் 360-இல் ஃபெஸ் என்ற விளையாட்டின் திருத்தம் ஒன்று மிகச் சிலரின் சேமிப்பைக் கெடுத்தது. கன்சோல் நிறுவனத்தின் சோதனையில் மீண்டும் சான்றிதழ் பெற்றுப் புதிய திருத்தம் வெளியிடப் பல்லாயிரம் டாலர் ஆகும் என்பதால் அதே திருத்தத்தை அப்படியே விட்டுவிடுவதாக அதை உருவாக்கிய பாலிட்ரான் அறிவித்தது. மறு ஆண்டில் மைக்ரோசாஃப்ட் அந்தக் கட்டணத்தை நீக்கியது. சான்றிதழ்ச் சோதனை இன்றும் உண்டு. அதைக் குறைசொல்ல மாட்டேன், சேமிக்கும்போது மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று கேட்கும் சோதனை விளையாடுகிறவரைக் காக்கிறது.

இன்று தொடங்குகிறவர் எந்தக் கருவியில் எழுதலாம்?

பழைய கேம் பாய்க்கு எழுதுங்கள் என்பதுதான் என் முதல் பரிந்துரை. ஆர்வலர்கள் அதன் ஒவ்வொரு பதிவேட்டையும் ஆவணப்படுத்தியிருக்கிறார்கள், கருவிகள் இலவசம், எமுலேட்டரில் (அந்தக் கருவியைப் போலவே கணினியில் நடந்துகொள்ளும் மென்பொருளில்) உடனே ஓட்டிப் பார்க்கலாம். கையில் பிடித்து விளையாடும் நவீனக் கருவி வேண்டுமென்றால், 2022-இல் வந்த ஸ்டீம் டெக் லினக்ஸில் ஓடுகிறது. மேசைக் கணினி முறைக்கு மாறி உங்கள் நிரலை நேரடியாக நிறுவலாம், யாரிடமும் அனுமதி வேண்டாம். அதே ஆண்டு வந்த பிளேடேட் சிறிய கருப்பு வெள்ளைக் கருவி, லுவாவிலும் சி மொழியிலும் எழுதலாம், கருவித்தொகுப்பு எல்லாருக்கும் இலவசம். எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் 2016 முதல் கிடைக்கும் நிரலாளர் முறையில் பதிவுசெய்து தங்கள் நிரலை ஓட்டலாம். பெரிய நிறுவனங்களின் அனுமதிக்கு விண்ணப்பிப்பதை, காட்டுவதற்கு ஒரு முழு விளையாட்டு கையில் வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.